இலஞ்சி வீட்டுத் தண்ணீர்

எனக்கும் வாய் திறக்கப் பயமாக இருந்த காலம் ஒன்று உண்டு என்று சொன்னால், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் வெளியே வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிடும் என்று எங்கள் பெரிய டீச்சர் ஒருமுறை பெற்றோர்கள் முன்னாலேயே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இல்லை என்று மறுக்க முடியவில்லை.

அப்படிப்பட்ட தொண்டை, இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி ஒரு ஆடி மாதத்தில் என்னைக் கைவிட்டது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தென்காசி மிஷன் பெண்பாடசாலையில் சின்ன வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரிய டீச்சர்தான் எனக்கு மேலே.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு வேலை வந்துவிடும். அருவியில் குளிக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல ஒரு பயணம் போவது வழக்கம். கூண்டு வண்டியில் ஆர்மோனியம், சமையல் சாமான், படுக்கை எல்லாம் ஏற்றிக்கொண்டு மேலகரம், இலஞ்சி, குற்றாலம் என்று தங்கித் தங்கிப் போவார்கள். அதுவரை ஆண்கள் மட்டும்தான் போனார்கள். கடைத்தெருவில் நின்று பாட ஆண்கள் போதும். வீட்டுக்குள் இருக்கிற பெண்களிடம் பேச அவர்களால் ஆகாது. அதனால் அந்த வருஷம் பெண்களும் வரட்டும் என்று முடிவாயிற்று. பெரிய டீச்சர் தலைமை. கூட நானும், ஜெபக்கூட்டத்தில் ஜால்ரா தட்டுகிற இன்னொரு பெண்ணும். எங்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சந்தோஷமாகச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆளுக்கொரு கதை கொடுத்தார் பெரிய டீச்சர். ஜால்ராக்காரிக்குக் காணாமல் போன ஆட்டின் கதை. சுலபமான கதை. எங்கள் பக்கத்தில் ஆட்டைத் தொலைக்காத வீடே கிடையாது; ஆடு என்று ஆரம்பித்தாலே காது கொடுப்பார்கள். எனக்குக் கிணற்றடிக் கதை. வெயிலில் நடந்து களைத்த ஆண்டவர் ஒரு கிணற்றோரம் உட்கார்ந்து, தண்ணீர் எடுக்க வந்த வேற்று இனத்துப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அந்த இனத்தாரும் அவருடைய இனத்தாரும் ஒருவரோடு ஒருவர் புழங்குவதில்லை. என்னிடம் எப்படிக் கேட்கிறீர் என்று அவள் ஆச்சரியப்படுகிறாள். நல்ல கதை. சிறு வயதிலிருந்தே எனக்கு மனப்பாடம்.

கதையைக் கொடுத்த பிறகு, எந்தெந்த வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார். இலஞ்சி என்றதும் ஒரு வீட்டைச் சொன்னார். “அது பெரிய நெல்லு வீடு. யாரையும் லேசுல உள்ள விடமாட்டாவ. ஆனா அந்த வீட்டு மருமக நம்ம பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளதான். ஒன்கூட ஒட்டிக்கிட்டே திரிவாளே, அவதான். ஒன்னப் பாத்தா கதவத் திறந்துருவா.”

எந்த வீடானாலும் போவேன், அந்த வீடு மட்டும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

அவளும் நானும் ஒரே பெஞ்சு. அவள் இந்து வீட்டுப் பெண். தென்காசிச் சிவன் கோயிலுக்கு எதிரே, நிலபுலன் உள்ளவர்கள் இருக்கிற தெருவில் வீடு. மொட்டையாகப் பிளந்து நின்ற கோபுரத்தின் நிழல் சாயங்காலம் அவர்கள் வாசல் வரை வரும். என் அப்பா எங்கள் சபைக் கோயிலில் மணியடித்து, பெருக்கி, காவல் காக்கிற கோயில்பிள்ளை. அப்படியிருந்தும் வேதபாடத்தில் முதல் பரிசு அவளுக்கு, இரண்டாவதுதான் எனக்கு. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சீண்டுவார். வருஷாவருஷம் இதே கதைதான்.

பள்ளிக்கூடக் கிணற்றடியில் ஒரு செம்பு உண்டு. மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டிரண்டு பேராகப் போவோம். ஒருத்தி நின்று மேலேயிருந்து ஊற்ற, மற்றவள் குந்தியிருந்து இரண்டு கையையும் கூட்டி ஏந்திக் குடிப்பாள். பிறகு ஆள் மாறவேண்டும். முழங்கை வழியே தண்ணீர் வடியவிட்டவள் தோற்றவள். நாங்கள் எப்போதும் ஜோடி. அவள் வீட்டில் இது தெரிந்திருந்தால் படிப்பை அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். தெரியாமல் நாலைந்து வருஷம் ஓடியது. அப்புறம் அவளை இலஞ்சியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கூப்பிடவும் இல்லை.

அந்த மாதிரி வீடுகளில் அவர்கள் புழங்காத சாதியில் பிறந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வெளியே இறக்கிய சார்ப்பில் தனியாக ஒரு குவளை வைத்திருப்பார்கள். அதில்தான் கொடுப்பார்கள், குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்கவேண்டும். இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. வேறு வீடு என்றால் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் அந்தக் குவளையை அவள் கையால் எடுத்து என்னிடம் நீட்டினால் என்ன செய்வது? மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளால் வேறு என்ன செய்யமுடியும்? அந்த ஒரு நொடியில், அத்தனை வருஷத்துக் கிணற்றடியும் இல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு எனக்கு அவள் யார்?

போதாக்குறைக்குக் கதை வேறு அப்படி. தண்ணீர் கேட்கிற கதையைக் கொண்டுபோய் அந்த வீட்டில் சொன்னால், என் வாயாலேயே கேட்டு வாங்கி அவளைச் சங்கடத்தில் மாட்டிவிடுவதுபோல் ஆகிவிடாதா?

ஒரு வாரமாகக் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது தளும்பி மடியில் கொட்டியது. வீட்டில் கதையைச் சொல்லிப்பார்த்தால் ஆண்டவர் கிணற்றோரம் வந்து உட்காருவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எல்லாரும் இதைப் பேச்சுப் பயம் என்றே நினைத்தார்கள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அப்பா என் தலையில் கைவைத்து நீளமாக ஜெபம் பண்ணினார். பெரிய டீச்சர், கேட்கிறவர்களின் கண்ணைப் பார்க்காதே, நெற்றியைப் பார் என்றார். ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணாச்சி பனங்கற்கண்டு பொட்டலம் கொடுத்தனுப்பினார். கற்கண்டு நன்றாக இருந்தது.

ஜால்ராக்காரியிடம் கதையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“ஆட்டுக் கதய நான் தரமாட்டேன்” என்றாள். “நானே இதத் தட்டுத்தடுமாறிப் படிச்சு வச்சிருக்கேன். நீ டீச்சர்தான, எதுன்னாலும் சொல்லுவ.”

காய்ச்சல் வந்தால் தப்பிக்கலாம் என்று சாரலில் தலையை நனைத்துக்கொண்டு நின்றும் பார்த்தேன். தும்மல்கூட வரவில்லை. கடைசியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவ எதுல குடுத்தா என்னட்டி, தண்ணி தண்ணிதான. தொண்டைக்கா தெரியப்போகுது.”

“எனக்குத் தெரியும்லா” என்றேன்.

“அப்படின்னா குடிக்காத. தாகம் இல்லன்னு சொல்லிட்டு வா” என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். அம்மாவுக்கு எல்லாமே இப்படிச் சட்டென்று முடிந்துவிடும். எனக்குச் சினேகிதி வேண்டும், தண்ணீர் அல்ல என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எரிச்சலில் எழுந்து போய்விட்டேன்.

மேலகரத்தில் முதல் நாள் நன்றாகவே போயிற்று. ஒரு தறிக்கார வீட்டில் கதையைச் சொன்னேன். குரல் மெல்லியதாக இருந்தாலும் நின்றுவிடவில்லை. அந்த வீட்டுப் பெண் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன், கழுவிக் கவிழ்த்தேன், அடுத்த வீட்டுக்குப் போனேன். பாத்தியா, பயம் போயிட்டு என்றார் பெரிய டீச்சர்.

மறுநாள் இலஞ்சி. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வயலில் நாற்று நடுகிற பெண்கள் ஆர்மோனியச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மலைமேல் மேகம் இறங்கி நின்றது. மற்ற நேரமாக இருந்தால் அந்தக் காற்றுக்கே பாட்டு வந்திருக்கும். நான் வண்டிக்குள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வீட்டில் எங்களை முன்வாசல் வழியாகக் கூப்பிடவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் போய், கொல்லையில் நெல் அவிக்கிற சார்ப்பில் ஓலைப்பாய் போட்டு இருக்கச் சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தேன். சார்ப்புக் கூரையின் கைமரத்தில் ஒரு பித்தளைக் குவளை தொங்கியது. எதற்கென்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கூடினார்கள். மாமியார் எதிரே மணைப்பலகை போட்டு உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு. பாம்படம் ஆடுகிற காது. வெடுக்கென்று பேசுகிற வாய்.

“என்ன சொல்லப்போறீய, வெரசாச் சொல்லுங்க. மழ வந்தா நெல்ல அள்ளணும்” என்றாள்.

அப்போது என் சினேகிதி பின்கட்டு வாசற்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் அகன்றது. சிரிக்கவில்லை. மாமியார் இருக்கும் இடத்தில் மருமகள் வந்தவர்களோடு முந்திக்கொண்டு பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவள் சிரிக்காதது எனக்கு வலித்தது.

ஜால்ராக்காரி ஆட்டுக் கதையை முடித்தாள். ஆடு கிடைத்ததில் எல்லாருக்கும் திருப்தி. பெரிய டீச்சர் என் முதுகில் தட்டினார்.

“ஒரு ஊர்ல ஒரு கெணறு” என்று தொடங்கினேன். “உச்சி வெயில்ல ஒருத்தரு நடந்து வந்து, களச்சுப்போயி, கெணத்து மேட்டுல இருந்தாரு. வாளி கெடையாது, கயிறு கெடையாது. அப்பம் ஒரு பொம்பள கொடத்தோட வந்தா. அவ ஆளுகளும் இவரு ஆளுகளும் ஒருத்தருக்கொருத்தர் பொழங்க மாட்டாவ. அவரு அந்தப் பொம்பளகிட்ட…”

நின்றுவிட்டது. நெற்றியைப் பார்த்தேன், நெற்றிகளெல்லாம் என்னைப் பார்த்தன. தலைக்கு மேல் குவளை தொங்குவது மட்டும் தெரிந்தது. பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார்.

“தாகமா இருக்கு, குடிக்கத் தண்ணி குடுன்னு கேட்டாரு” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

பாக்குவெட்டி நின்றது. மாமியார் திரும்பிப் பார்த்தாள். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பள்ளிக்கூடத்துல படிச்சதுதான் அத்தே. இந்தக் கதயச் சொல்லித்தான் மொதப் பரிசு வாங்கினேன்.” தரையைப் பார்த்துக்கொண்டே, “இவளுக்கு ரெண்டாவதுதான் கெடச்சுது” என்றாள்.

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரமாக இவளுக்காக நான் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்திருக்கிறேன்; இவள் பரிசைப் பற்றிப் பேசுகிறாள்.

“மூணே மூணு மார்க்குத்தான் கொறச்சல்” என்றேன். என் சொந்தக் குரல். வேப்பமரத்துக் காக்கைகளுக்குத் தெரிந்த அதே குரல். தொழுவில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. என்னிடம் கேட்கலாமா என்று அந்தக் கிணற்றடிப் பெண் சொன்னதையும், கேட்கிறது யார் என்று தெரிந்தால் நீயே என்னிடம் ஜீவத்தண்ணீர் கேட்டிருப்பாய் என்று அவர் சொன்னதையும், அவள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி எல்லாரையும் கூட்டிவந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் பெரிய டீச்சர் திருப்தியாகத் தலையசைத்தார்.

மாமியார் பாக்கை வாயில் போட்டு அடக்கிக்கொண்டாள்.

“அதெல்லாஞ் சரி. அவ தண்ணி குடுத்தாளா, இல்லியா?”

நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த வேதப் புத்தகத்தைத் திறந்து தேடினார். எத்தனை தரம் படித்த கதை, எத்தனை தரம் ஒப்பித்த கதை. இதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

“அது கதயில இல்ல ஆச்சி” என்றேன்.

“இல்லன்னா? வெயில்ல நடந்து வந்த மனுசன் கேட்டது தண்ணி. அத விட்டுட்டு மத்ததெல்லாம் பேசுதிய.”

நான் வாசற்படியைப் பார்த்தேன். அங்கே அவள் இல்லை. உள்ளே போயிருந்தாள். எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் மறுபடி பாக்கு வெட்டினாள். பொசுபொசுவென்று சாரல் விழத் தொடங்கியது.

அவள் வந்தாள். கைமரத்துக் குவளையின் பக்கமே போகவில்லை. அடுக்களையிலிருந்து, வெளியெல்லாம் ஈரம் பூத்த ஒரு செம்பைக் கையில் கொண்டு வந்திருந்தாள். முறைப்படி பெரிய டீச்சருக்குத்தான் முதலில் கொடுக்கவேண்டும். அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“கைய ஏந்துட்டி” என்றாள்.

குந்தியிருந்து கையை ஏந்தினேன். மேலேயிருந்து ஊற்றினாள். தீட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கும் இப்படி எட்ட நின்றுதான் ஊற்றுவார்கள். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் ஊற்றினாள். இது எது என்று தெரியாமலே குடித்தேன். நல்ல தண்ணீர். சிற்றாற்றுப் பக்கத்துக் கிணறுகளுக்கே உள்ள குளிர்ச்சி.

நான் போதும் என்று தலையசைத்ததும் செம்பை என் கையில் கொடுத்தாள். பிறகு சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிக்கொண்டு என் எதிரே குந்தி, இரண்டு கையையும் கூட்டி ஏந்தினாள்.

“ம்” என்றாள்.

மாமியாரின் பாக்குவெட்டி பாதியில் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என் கையில் அந்த வீட்டு அடுக்களைச் செம்பு. ஊற்றினால் அவளுக்கு என்ன வருமோ என்று நினைத்தேன். ஊற்றாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தபடியே இருந்தாள். எழுந்து நின்று ஊற்றினேன். ஒரு வாரம் காப்பியைக் கொட்டின கை அது. இப்போது வெளியே சிந்தவில்லை. அவள் மடமடவென்று குடித்தாள். அவள் முழங்கையிலும் ஒரு சொட்டு வடியவில்லை.

மாமியார் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

“டீச்சருக்கும் அந்தப் புள்ளைக்கும் குடு” என்றாள். “பெறவு செம்ப நல்லா வெளக்கி வையி. மழ பெருசாகுது, எல்லாரும் வந்து நெல்ல அள்ளுங்க.”

நாங்களும் சேர்ந்து நெல்லை அள்ளினோம். செம்பை விளக்கச் சொன்னது எதற்காக என்று அன்றைக்கும் யோசித்தேன், அப்புறமும் யோசித்திருக்கிறேன். எல்லார் வீட்டிலும் செம்பை விளக்கித்தான் வைக்கிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சந்து முனை வரை அவள் வந்தாள்.

“நாளைக்கு எங்கன?”

“குத்தாலம்.”

“அங்கனயும் கத கெணத்தடிக்கு வந்ததும் முழிக்காத” என்றாள். இப்போது சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது; சாரல் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

மறுநாள் குற்றாலத்தில், அருவியில் குளித்துவிட்டுப் பெண்கள் தலை உலர்த்துகிற மண்டபத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னேன். அருவி இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டுமே, கேட்டது. முடித்ததும் எங்கேயோ வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, அந்தப் பெண் கடைசியில் தண்ணீர் கொடுத்தாளா என்று கேட்டாள்.

“குடுத்தா” என்றேன்.

பெரிய டீச்சர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, “வேதத்துல இல்லாதத நாமளாச் சொல்லலாமாட்டி?” என்று கேட்டார்.

“நீங்களுந்தான குடிச்சீய, டீச்சர்” என்றேன்.